வெற்று கேட்ச் வந்த வழி: ஜாவா எக்ஸெப்ஷன்களின் முன்வரலாறு

ஜாவா படிக்கத் தொடங்கும் மாணவர் முதல் மாதத்திலேயே சில கேள்விகள் கேட்பார். கோப்பைத் திறக்கும் ஒரு வரியை எழுதினால் கம்பைலர் ஏன் மறுக்கிறது? கேட்ச் முடிந்ததும் புரோகிராம் ஏன் பிழை நடந்த வரிக்குத் திரும்புவதில்லை? பூஜ்யத்தால் வகுத்தால் புரோகிராமே நின்றுவிடுகிறதே, அதைப் பிடிக்கச் சொல்லி மட்டும் ஏன் யாரும் வற்புறுத்துவதில்லை? ஆய்வகங்களில் இவற்றுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், 'ரூல் அப்படி, எழுதிக்கோ' என்பதுதான். 1960-களிலிருந்து மொழி வடிவமைப்பாளர்கள் தமக்குள் வாதிட்ட விஷயங்கள் இவை. சிலவற்றை அவர்கள் முடித்து வைத்தார்கள். சிலவற்றை முடிக்காமலே விட்டார்கள். முடியாமல் நின்ற அந்த வாதம்தான் புதிதாகப் படிக்க வருபவரின் திரையில் பிழைச்செய்தியாக வந்து நிற்கிறது என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

சி மொழியில் கோப்பைத் திறக்க முடியாவிட்டால் நல் மதிப்பு திரும்பி வரும். அதைச் சோதித்துப் பார்ப்பது எழுதுபவர் பொறுப்பு; சோதிக்காமல் விட்டாலும் மொழி ஒன்றும் சொல்லாது. அதற்கு முன்பே, 1960-களின் நடுவில் ஐ.பி.எம். உருவாக்கிய பி.எல்./ஒன் வேறு வழியில் போயிருந்தது. பூஜ்ய வகுத்தல், கோப்பின் முடிவு, எழுத்தை எண்ணாக மாற்ற முடியாமை போன்ற ஒவ்வொரு நிலைமைக்கும் என்ன செய்வது என்பதை 'ஆன்' என்ற கூற்றால் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். எண்ணாக மாற்றும்போது தவறான எழுத்து குறுக்கிட்டால், அந்த எழுத்தைத் திருத்தி, அதே செயலை விட்ட இடத்திலிருந்து மறுபடி நடத்தவும் முடிந்தது. இன்றைய மாணவர் எதிர்பார்க்கும் 'திரும்பிப் போதல்' அன்று நடைமுறையில் இருந்த ஒன்று.

1975-இல் ஜான் குட்இனஃப் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த வசதிகளை முறையாக வகைப்படுத்தியது: செயல் அங்கேயே முடிந்தாக வேண்டிய நிலைமை, தொடர்ந்தாக வேண்டிய நிலைமை, இரண்டும் நடக்கலாம் என்ற நிலைமை. பின்வந்த மொழிகள் இவற்றில் ஒரு பக்கம் சாய்ந்தன. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் மேசா மொழி தொடர்தலுக்கு இடம் கொடுத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பார்பரா லிஸ்கோவ் குழுவினர் உருவாக்கிய க்ளூ மொழியும், பிறகு வந்த ஏடாவும் முடித்தலைத் தேர்ந்தன.

எந்தப் பக்கம் சரி என்பதை அனுபவம்தான் சொன்னது. 1991 நவம்பரில் பாலோ ஆல்டோவில் சி++ தரநிர்ணயக் குழு கூடியபோது, முன்பு ஜெராக்ஸில் இருந்து அப்போது சன் நிறுவனத்துக்கு வந்திருந்த ஜிம் மிட்செல் பேசினார். மேசாவில் தொடர்தல் வசதிக்கு முதலில் வாதாடியவர்களில் அவரும் ஒருவர். சுமார் ஐந்து லட்சம் வரிகள் கொண்ட ஒரு பெரிய அமைப்பில் அந்த வசதியைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள் என்றும், பத்தாண்டுகளுக்குப் பிறகு அது ஒரே ஓர் இடத்தில்தான் எஞ்சியிருந்தது என்றும், அந்த இடத்திலும் அது தேவைப்படவில்லை என்றும் அவர் சொன்னதைச் சி++-ஐ உருவாக்கிய பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் பதிவு செய்திருக்கிறார். தான் கட்டியதையே தேவையில்லை என்று சொல்ல முன்வந்தவரின் இந்தச் சாட்சியத்தை இந்த வரலாற்றின் மிக நேர்மையான பக்கமாக நான் மதிக்கிறேன். சி++ முடித்தலை ஏற்றது. ஜாவாவும் அதே வழியில் வந்தது. ட்ரை பிளாக்கின் நடுவில் எக்ஸெப்ஷன் வந்தால் மீதி வரிகள் கைவிடப்படும். கேட்ச் முடிந்ததும் அதற்கு அடுத்த வரிதான்.

திரும்பிப் போக வேண்டும் என்று நினைக்கும் மாணவர் அதை வைல் லூப்பால் செய்கிறார். அங்கே இன்னொரு புகழ்பெற்ற சிக்கல் காத்திருக்கிறது. ஸ்கேனரின் நெக்ஸ்ட்இன்ட் மெத்தடை லூப்புக்குள் ட்ரையில் வைத்து, எண் கேட்கும் இடத்தில் 'பத்து' என்று தட்டினால், 'எண்ணைக் கொடுங்கள்' என்ற செய்தி நிற்காமல் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். எண்ணாகாத சொல்லை ஸ்கேனர் விழுங்குவதில்லை. அது உள்ளீட்டிலேயே கிடக்கிறது. ஒவ்வொரு சுற்றும் அதே சொல்லில் முட்டி அதே எக்ஸெப்ஷனை எறிகிறது. கேட்சுக்குள் நெக்ஸ்ட் மெத்தடை ஒருமுறை அழைத்து அந்தச் சொல்லை எடுத்து எறிந்தால் லூப் சரியாகிவிடும். பி.எல்./ஒன்னில் நிலைமையைச் சீர்செய்துவிட்டுத் தொடர வழி இருந்தது. ஜாவாவில் அந்தச் சீர்செய்தல் நம் கையில்.

அடுத்தது கம்பைலரின் பிடிவாதம். இதன் வேர் க்ளூவில் இருக்கிறது. ஒரு புரொசீஜர் என்னென்ன எக்ஸெப்ஷன்களை எழுப்பும் என்பதை அதன் தலைப்பிலேயே அறிவிக்க வேண்டும் என்ற விதியை க்ளூ வைத்திருந்தது. அழைப்பவர் அவற்றைக் கையாண்டே தீர வேண்டும் என்று மட்டும் அது கட்டாயப்படுத்தவில்லை. ஸ்டாக் காலியாக இல்லை என்று சோதித்துவிட்டே அதிலிருந்து எடுக்கிறோம் என்று வையுங்கள். 'காலி' என்ற எக்ஸெப்ஷன் அங்கே வரவே முடியாது. வராத ஒன்றுக்குக் கோடு எழுதச் சொன்னால் அது வீண் வேலை என்று லிஸ்கோவ் குழு கருதியது. ஆகவே யாரும் கையாளாமல் விட்ட எக்ஸெப்ஷன் தானாகவே 'ஃபெயிலியர்' என்ற பொது எக்ஸெப்ஷனாக மாறி மேலே போனது. மாடுலா-3 மொழியும் அறிவிப்பை வைத்திருந்தது. மீறினால் ஓடும்போது பிழை. சி++-இன் பழைய அறிவிப்பும் ஓடும்போது மட்டுமே சோதிக்கப்பட்டது. 2017-ஆம் ஆண்டின் தரம் அதை நீக்கிவிட்டது.

ஜேம்ஸ் காஸ்லிங் 1991-இல் சன் நிறுவனத்தில் தொடங்கிய மொழி, 1996 ஜனவரியில் ஜாவா 1.0 ஆக வந்தபோது ஒரு படி மேலே போனது. அறிவித்த எக்ஸெப்ஷனை அழைப்பவர் பிடிக்க வேண்டும், அல்லது தானும் த்ரோஸ் போட்டு அறிவிக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கம்பைலே ஆகாது. ஸ்டாக் சோதனையில் க்ளூ கண்ட சிக்கலுக்கு ஜாவா எக்ஸெப்ஷன்களையே பிரித்து வைத்துத் தீர்வு கண்டது. நல் ரெஃபரன்ஸ், அணி எல்லை மீறல், முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தல் ஆகியவை ஏறக்குறைய எந்த வரியிலும் வரலாம். எல்லா மெத்தடிலும் அவற்றை அறிவிக்கச் சொன்னால் தொல்லைதான் மிஞ்சும். அவை ரன்டைம் எக்ஸெப்ஷனின் கீழ் போய், கட்டாயத்திலிருந்து விலக்குப் பெற்றன. (தசம எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் எக்ஸெப்ஷனே வராது, ஐ.இ.இ.இ. 754 தரப்படி முடிவிலி விடையாக வரும்.) கோப்பு இல்லாமை, நெட்வொர்க் அறுபடுதல் போன்றவற்றை நல்ல புரோகிராமாலும் தடுக்க முடியாது, ஆகவே அவை கட்டாயத்துக்குள் வந்தன. வைவாவில் தவறாமல் கேட்கப்படும் 'செக்டு, அன்செக்டு வித்தியாசம் என்ன' என்ற கேள்விக்கு இதுதான் அடிப்படை.

க்ளூவில் ஒன்றும் எழுதாமல் விட்டவருக்கு ஃபெயிலியர் கிடைத்தது. ஜாவாவில் ஒன்றும் எழுதாமல் விடவே முடியாது. ஏதாவது எழுதியாக வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியாதவர் எழுதுவது வெற்று கேட்ச். இதைச் சோம்பல் என்று திட்டுவது எளிது. மொழி அவரை அங்கே தள்ளியது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

அதன் விளைவை ஒரு சிறு கோடில் பார்க்கலாம். மாணவர் ஒருவர் ஃபைல்ரீடர் வேரியபிள் ஒன்றை நல் என்று தொடங்கி வைக்கிறார். ட்ரைக்குள் மதிப்பெண் கோப்பைத் திறக்கிறார். கேட்சின் இரண்டு அடைப்புகளுக்கு இடையே ஒன்றுமில்லை. அடுத்த வரியில் அந்த ரீடரை பஃபர்டுரீடரிடம் கொடுக்கிறார். கோப்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருக்கிறது. 'கோப்பு இல்லை' என்ற செய்தி வெற்று கேட்சில் மறைந்துபோகிறது. வேரியபிள் நல் ஆகவே நிற்கிறது. திரையில் வருவது நல் பாயின்டர் எக்ஸெப்ஷன். ஸ்டாக் டிரேஸின் மேல் வரிகளோ அவர் எழுதாத, ஜாவா நூலகத்தின் ரீடர் கிளாஸுக்குள் இருக்கின்றன. ஒரு எழுத்துப் பிழையைத் தேட வேண்டியவர், நூலகத்தில் கோளாறோ என்று குழம்பி நிற்கிறார். கேட்சில் எக்ஸெப்ஷனை அச்சிட்டிருந்தால், அல்லது மெயின் மெத்தடில் த்ரோஸ் போட்டு அப்படியே விட்டிருந்தால், கோப்பின் பெயரோடு உண்மை தெரிந்திருக்கும். சின்னஞ்சிறு பயிற்சிப் புரோகிராம்களுக்கு அந்த த்ரோஸே போதும் என்பது என் கருத்து. அரைகுறையாகப் பிடிப்பதைவிட அது மேல்.

தொழில்முறையாளர்களும் இந்தக் கட்டாயத்தை எளிதில் ஏற்கவில்லை. சி ஷார்ப்பை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க், 2003-இல் வெளியான நேர்காணலில் இரண்டு காரணங்களை முன்வைத்தார். நூலகத்தின் புதிய பதிப்பில் ஓர் எக்ஸெப்ஷன் கூடினால் அழைப்பவர் கோடு முழுவதும் உடைகிறது. பல அடுக்குகள் கொண்ட அமைப்பில் த்ரோஸ் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. சி ஷார்ப்பில் அந்தக் கட்டாயம் இல்லை. ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க், தரவுத்தளப் பிழைகளை ரன்டைம் எக்ஸெப்ஷனாக மாற்றிக் கொடுத்தது. கோட்லின் செக்டு வகையையே விட்டுவிட்டது. 2014-இல் ஜாவா 8 லாம்டாவைக் கொண்டுவந்தபோது ஜாவாவே இதில் இடறியது: அதன் வழக்கமான ஃபங்ஷன் இன்டர்ஃபேஸ்கள் செக்டு எக்ஸெப்ஷனை அறிவிப்பதில்லை. ஐ.ஓ. எக்ஸெப்ஷனை ரன்டைம் வகைக்குள் பொதிந்து அனுப்ப அதே பதிப்பில் தனி கிளாஸ் ஒன்றும் சேர்ந்தது. ஆனாலும் காஸ்லிங்கின் நோக்கத்தை நான் தள்ளிவிட மாட்டேன். கோப்பு இல்லாமல் போகலாம் என்ற நினைப்பே இல்லாமல் கோடு எழுதும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே உடைக்கும் மொழிகள் அதிகம் இல்லை.

ஃபைனலி பற்றிய சிக்கல் அனுபவசாலிகளையும் விடவில்லை. திறந்த கோப்பை ஃபைனலியில் மூட வேண்டும். மூடும்போதும் எக்ஸெப்ஷன் வரலாம். அப்படி வந்தால் முதலில் வந்த உண்மையான காரணம் தொலைந்துவிடும். 2007-இல் ஜாவாவின் சொந்த நூலகங்களிலேயே, குளோஸ் மெத்தடைப் பயன்படுத்திய இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு தவறாக இருந்ததாக ஜோஷுவா பிளாக் 'எஃபெக்டிவ் ஜாவா' மூன்றாம் பதிப்பில் எழுதியிருக்கிறார். 2011-இல் வந்த ஜாவா 7, ட்ரையின் அடைப்புக்குறிக்குள்ளேயே கோப்பைத் திறக்கவும், அது தானாக மூடப்படவும் வழி செய்தது. இரண்டு எக்ஸெப்ஷன்கள் வந்தால் முதலாவது நிலைக்கும், இரண்டாவது அதனோடு ஒட்டிக்கொள்ளும். இன்றும் சில பாடக்குறிப்புகள் பழைய ஃபைனலி முறையை மட்டும் காட்டுவது வருத்தத்துக்குரியது.

இனி நல். 1965-இல் அல்கால் டபிள்யூ மொழிக்காகத் தான் கொண்டுவந்த நல் ரெஃபரன்ஸை டோனி ஹோர் 2009-இல் தன் நூறு கோடி டாலர் தவறு என்று அழைத்தார். ஜாவா அதை அப்படியே எடுத்துக்கொண்டது. நீண்ட காலம், ஒரே வரியில் மூன்று புள்ளிகள் இருந்தால் எது நல் என்று செய்தி சொல்லாது; வரி எண்ணோடு நின்றுவிடும். 2020 மார்ச்சில் ஜாவா 14 இதற்கு வழி கொடுத்தது. அதே ஆண்டு ஜாவா 15-இல் அது தானாகவே இயங்கத் தொடங்கியது. மாணவர்.முகவரி().ஊர்() என்று எழுதியிருந்தால் (ஜாவா யுனிகோடை ஏற்பதால் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம்), முகவரி() திருப்பிய மதிப்பு நல் என்பதால் ஊர்() மெத்தடை அழைக்க முடியவில்லை என்று செய்தியே இப்போது சொல்லும்.

2002-இல் வந்த ஜாவா 1.4 செய்த உதவியும் இதே வகை: ஓர் எக்ஸெப்ஷனை இன்னொன்றுக்குள் பொதியும்போது மூல காரணத்தையும் உள்ளே வைத்து அனுப்பலாம். அதனால்தான் நீண்ட ஸ்டாக் டிரேஸ்களில் 'காஸ்டு பை' என்று தொடங்கும் பகுதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. மேலிருந்து படிக்கத் தொடங்கும் மாணவர் நூலக வரிகளில் சிக்கிக்கொள்கிறார். கடைசியாக வரும் 'காஸ்டு பை' வரியிலிருந்து தொடங்கி, அதற்குக் கீழே தன் கிளாஸின் பெயர் முதலில் தென்படும் வரியைப் பிடித்தால், எடிட்டரில் எந்த இடத்தைத் திறக்க வேண்டும் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.