சிவகாசி வழக்கு: நீதிபதி அம்பயரா, துப்பறிபவரா?

எங்க ஊர்ப்பக்கம் 'தீப்பெட்டி ஃபேக்டரி'ன்னு சொல்ல மாட்டாங்க, 'தீப்பெட்டி ஆபீஸ்'தான். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசுல எங்கம்மா அந்த ஆபீஸுக்குத்தான் போனாங்க. அப்படி ஒரு பிள்ளைக்கு அநியாயம் நடந்தா, கோர்ட்டுல போய் யார் சொல்றது?

வெள்ளைக்காரன் நமக்கு விட்டுட்டுப் போனது இருதரப்பு வாத முறை. ரெண்டு வக்கீல் மோதுவாங்க. நீதிபதி அம்பயர் மாதிரி நடுவுல. பிரான்ஸுல கடுமையான குற்ற வழக்குகள்ல ஒரு விசாரணை நீதிபதியே ஆதாரம் தேடுவார். அது விசாரணை முறை.

நம்ம முறைக்குள்ள ஒரு அனுமானம் இருக்கு: ரெண்டு தரப்பும் சமம். ஒரு பக்கம் முதலாளி, அவருக்கு வக்கீல். இன்னொரு பக்கம் பத்து வயசுப் பிள்ளை. அதோட அப்பா அதே முதலாளிகிட்ட முன்பணம் வாங்கியிருப்பார். இதுல மேட்ச் எங்க நடக்கும்?

இந்த ஓட்டையை உச்ச நீதிமன்றம் சிவகாசிக்கு முன்னாடியே ஃபரிதாபாத் கல்குவாரியில பார்த்துச்சு. கொத்தடிமைகள் பற்றி பந்துவா முக்தி மோர்ச்சா எழுதின கடிதத்தையே மனுவா எடுத்துக்கிட்டு, நேர்ல பார்த்து வர ரெண்டு வக்கீல்களை அனுப்புச்சு. 'குறுக்கு விசாரணை செய்யாத அறிக்கை எப்படி ஆதாரமாகும்?'னு எதிர்த்தரப்பு கேட்டது. நியாயமான கேள்விதான். 1983 டிசம்பர் தீர்ப்பில் நீதிபதி பகவதி சொன்ன பதிலின் சாரம்: அடிப்படை உரிமை வழக்கில் இருதரப்பு வாத முறை கட்டாயமில்லை, அறிக்கையின் நகலை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கணும், அவங்க பிரமாணப் பத்திரத்தில் மறுக்கலாம்.

அதே வழி அப்புறம் நம்ம ஊருக்கு வந்தது. சிவகாசி குழந்தைத் தொழிலாளர்களுக்காக வக்கீல் எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் 1990-ல் ஒரு தீர்ப்பு வந்துச்சு. 1991-ல் பட்டாசு ஆலை விபத்து. 39 பேர் இறந்ததா மாநில அரசே கோர்ட்டில் சொன்னது. யாரும் மனு போடல. செய்தியைப் பார்த்துக் கோர்ட் தானாகவே எடுத்துக்கிட்டு, மூணு வக்கீல்கள் குழுவை அமைச்சது. அந்த நவம்பரில் அறிக்கை வந்தது.

தீர்ப்பு 1996 டிசம்பர் 10. வேலைக்கு வச்ச ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்டணும். அரசு அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருத்தருக்கு வேலை தரணும்; முடியலைன்னா 5,000 ரூபாய் போடணும். விபத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவுல அஞ்சு வருஷம். 1991-ல் பத்து வயசுன்னா, அந்தப் பிள்ளைக்கு அப்போ பதினஞ்சு.

இதை அம்மாகிட்ட சொன்னேன். "எங்க காலத்துல ஒருத்தரும் வந்து கேக்கலையேப்பா"ன்னாங்க. கோர்ட் தானே இறங்கி விசாரிக்கிறது பெரிய விஷயம்தான். ஆனா அது ஒரு விபத்து செய்தியாகிற வரைக்கும் காத்திருந்தது. செய்தியில வராத பிள்ளைக்கு அம்பயரும் இல்லை, துப்பறிபவரும் இல்லை.