புல்லட்டின் கியர் வலமிருந்து இடம் போன கதை

பட்டாசுச் சத்தத்துக்குப் பழகிப்போன சிவகாசியில் கூட, ஒரு புல்லட் தெருவுக்குள் நுழைந்தால் அந்தச் சத்தம் தனியாகத் தெரியும். விருதுநகர், சாத்தூர் என்று அந்த வட்டாரம் முழுக்க, ஏன் தமிழ்நாடு முழுக்கவே, புல்லட் ஓட்டுபவர்களில் இரண்டு தலைமுறை உண்டு. வலது காலால் கியர் போட்ட தலைமுறை ஒன்று. இடது காலால் கியர் போடும் தலைமுறை இன்னொன்று. இவர் வண்டியை அவரிடம் கொடுத்தால் முதல் நாள் திண்டாட்டம்தான்! பழைய எஞ்சினுக்குப் பின்னால் ஒரு புதிய கியர் பாக்ஸை மாட்டியதால் வந்த பிரிவு இது.

புல்லட்டின் சொந்த ஊர் இங்கிலாந்தின் ரெட்டிட்ச். இந்திய ராணுவத்துக்காக மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் 1952-ல் 350 சிசி புல்லட்டுகளுக்கு ஆர்டர் பெற்றது. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா உருவானது. அடுத்த வருடம் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை திறக்கப்பட்டது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. 1956 முடிவதற்குள் தயாரானவை 163 வண்டிகள்தான். பிறகு பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. ரெட்டிட்ச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. தாய் போன பின்னும் பிள்ளை திருவொற்றியூரில் வளர்ந்தது. வளர்ந்தது என்பதை விட, அப்படியே இருந்தது என்பதே சரி.

எஞ்சின் 346 சிசி. சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. சிலிண்டர் வார்ப்பிரும்பு. சக்தி 18 குதிரைத்திறன் மட்டுமே. ஆனால் நீண்ட ஸ்ட்ரோக் என்பதால் மெதுவாகச் சுற்றும்போதே நல்ல இழுவை கிடைக்கும். அதனால் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை. நான்கு கியர் போதும் என்று அன்றைய பொறியாளர்கள் நினைத்ததில் தவறில்லை.

அந்த நான்கு கியர் பாக்ஸ் 'ஆல்பியன்' வகை. பர்மிங்காமில் இருந்த ஆல்பியன் நிறுவனம் ரெட்டிட்ச் வண்டிகளுக்குச் செய்து கொடுத்த வடிவம் அது. ஹோண்டா, யமஹா போன்ற ஜப்பானிய வண்டிகளில் எஞ்சினும் கியரும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். புல்லட்டில் அப்படி இல்லை. கியர் பாக்ஸ் தனிப் பெட்டியாக வார்க்கப்பட்டு, எஞ்சினின் முதுகில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். இடப்பக்கம் ஒரு செயின் எஞ்சினிலிருந்து கிளட்ச்சுக்கு ஓடும். இந்த 'தனிப் பெட்டி' விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் வழிவிட்டது.

வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. நடுநடுவே கியர் விழாமல் 'ஃபால்ஸ் நியூட்ரல்' காட்டி மானத்தை வாங்கும் பழக்கமும் இந்தப் பெட்டிக்கு உண்டு. அதே சமயம் ஒரு வசதியும் இருந்தது. 'நியூட்ரல் ஃபைண்டர்' என்ற சின்ன லீவரைக் குதிகாலால் மிதித்தால், நான்கிலோ மூன்றிலோ இரண்டிலோ இருக்கும் வண்டி நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது இதை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

வலது கால் கியர் என்பது புல்லட்டின் கிறுக்குத்தனம் அல்ல. அது பொதுவான பிரிட்டிஷ் வழக்கம். ஜப்பானியர்கள் இடது பக்கம் வைத்தார்கள். 1974 செப்டம்பருக்குப் பின் தயாராகும் மோட்டார் சைக்கிள்களில் கியர் இடது காலில்தான் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. அமெரிக்கச் சந்தையை நம்பியிருந்த நார்ட்டன், ட்ரையம்ஃப் எல்லாம் வேறு வழியின்றி பக்கம் மாற்றின. மூடிய சந்தையாக இருந்த இந்தியாவில் புல்லட்டுக்கு அந்த நெருக்கடி வரவில்லை.

நெருக்கடி 1980-களில் வேறு வடிவில் வந்தது. 1984-ல் இந்த் சுசூகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருடம் யமஹா ஆர்எக்ஸ் 100 என்று 100 சிசி வண்டிகள் வரிசையாக வந்தன. எல்லாமே இடது கியர். ஒரு தலைமுறை முழுக்க இவற்றில்தான் வண்டி பழகியது. அப்படிப் பழகியவர் புல்லட்டில் ஏறினால்? கியர் என்று நினைத்து இடது காலால் அழுத்துவார், பிரேக் பிடிக்கும். அது பரவாயில்லை. குறுக்கே ஆடு ஓடும்போது பிரேக் என்று நினைத்து வலது காலால் மிதித்தால் கியர் விழும், வண்டி நிற்காது. யோசித்துச் செய்யும் வேலை அல்லவே இது, கால் தானாகச் செய்வது. புல்லட் வாங்க ஆசைப்பட்ட இளைஞர்களைத் தயங்க வைத்ததில் விலைக்கும் எண்ணெய்க் கசிவுக்கும் பங்கு உண்டு என்றால், இந்தக் காலுக்கும் உண்டு.

(இதற்கிடையே ஒரு வேடிக்கை. 1993-ல் இதே நான்கு கியர் பெட்டிக்கு முன்னால் 325 சிசி டீசல் எஞ்சினை மாட்டி விற்றார்கள். சக்தி வெறும் 6.5 குதிரைத்திறன்! தனிப் பெட்டியாக இருந்ததால் எஞ்சினை மாற்றவும் முடிந்தது.)

1994-ல் நிறுவனம் ஐஷர் வசமானது. 2000-ல் சித்தார்த்த லால் பொறுப்பேற்றார். 2002-ல் வந்த தண்டர்பேர்டில் ஐந்து கியர் பாக்ஸ் இருந்தது, அதுவும் இடது கால் கியராக. அந்த வண்டியில் இருந்தது அலுமினிய சிலிண்டர் கொண்ட புது எஞ்சின். சில வருடங்களில் அதே ஐந்து கியர் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினுக்குப் பின்னாலும் வந்தது. எலக்ட்ரா 5எஸ் என்ற வண்டி அது. கியர் பாக்ஸ் எஞ்சினின் முதுகில் முடுக்கும் தனிப் பெட்டி என்பதால், எஞ்சினின் அடிப்படையைத் தொடாமலே இதைச் செய்ய முடிந்தது.

ஐந்தாவது கியர் வந்ததும் வண்டி இன்னும் வேகமாகப் போகும் என்று பலர் நம்பினார்கள். அது சரியல்ல. பழைய பெட்டியிலும் புதிய பெட்டியிலும் கடைசி கியர் நேரடி கியர்தான். அதாவது கிளட்ச் ஒரு சுற்று சுற்றினால் வெளியே போகும் பல் சக்கரமும் ஒரு சுற்று. மாற்றம் நடந்தது இடையில். பழைய பெட்டியில் மூன்றாவது கியரின் விகிதம் 1.36. அங்கிருந்து நான்குக்குப் போனால் எஞ்சின் வேகம் கால் பங்குக்கு மேல் விழும். புதிய பெட்டியில் நான்காவது 1.2 அளவில் இருப்பதால் ஐந்துக்குப் போகும்போது விழுவது ஆறில் ஒரு பங்குதான். முதல் கியரும் இன்னும் இழுவையானது. பின்னால் ஆள் உட்கார, மேட்டில் நிறுத்தி எடுப்பவர்களுக்கு அது புரியும். உயர் வேகத்தைத் தேடியவர்களுக்குத்தான் ஏமாற்றம். நியூட்ரல் ஃபைண்டரும் போய்விட்டது.

பழைய ஆட்கள் இடது கியரை ஏற்கவில்லை. முப்பது வருடம் இடது காலால் பிரேக் பிடித்தவரின் கால் ஒரு நாளில் மாறாது. இளைஞருக்கு எது ஆபத்தோ, அதுவே தலைகீழாகப் பெரியவருக்கு ஆபத்து. நிறுவனமும் இதை உணர்ந்தே இரண்டையும் விற்றது. இடது கியரில் எலக்ட்ரா 5எஸ், வலது கியரில் நான்கு கியர் ஸ்டாண்டர்டு புல்லட். ஒரே எஞ்சின், ஒரே ஷோரூம், எதிரெதிர் கால்கள். வியாபார நோக்கில் இது செலவு பிடித்த ஏற்பாடு. ஆனாலும் சாலையில் போகிறவர்களின் உயிரை நினைத்தால் நியாயமான ஏற்பாடு.

இந்த இரட்டை வாழ்க்கை நீடிக்கவில்லை. 2008-ல் எஞ்சினும் கியரும் ஒரே கூட்டுக்குள் அமைந்த புதிய எஞ்சின் தண்டர்பேர்டில் வந்தது. 2010 ஏப்ரலில் இருசக்கர வண்டிகளுக்கு பாரத் ஸ்டேஜ் 3 புகை விதிகள் அமலுக்கு வந்தன. வார்ப்பிரும்பு எஞ்சினின் காலம் அந்தச் சமயத்தில் முடிந்தது. அதோடு வலது கியரும் போனது. ஐந்து கியரும் இடது காலும் மட்டும் தங்கிவிட்டன. 2023-ல் முற்றிலும் புதிய 349 சிசி எஞ்சினோடு வந்த புல்லட்டிலும் அதே ஐந்து கியர், அதே இடது பக்கம்.

பழைய வண்டியை விடாமல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நடுவழியும் உண்டு. நான்கு கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பூட்டிக்கொள்ள ஐந்து கியர் பெட்டி இங்கிலாந்தில் விற்கப்படுகிறது. அதில் கியர் லீவர் வலது பக்கமே இருக்கிறது.