திறன் கண்ணாடியின் வரலாறு

கண்ணருகே திரை காட்டும் கருவி புதிதன்று. அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லாந்து ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தம் மாணவர்களுடன் உருவாக்கிய தலைத்திரையை 1968-இல் உலகுக்கு அறிவித்தார். அணிந்தவர் தலையைத் திருப்பினால் கோட்டுருவமும் அதற்கேற்ப மாறும். தலையின் நிலையை அளக்கும் கருவி கூரையிலிருந்து தொங்கியது. அதை மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பதாவது!

தெருவுக்கு வந்தது கூகுள் கிளாஸ். 2013-இல் முதற்பயனர்களுக்கு 1,500 டாலருக்கு விற்கப்பட்டது. வலக்கண்ணின் மேல் சிறு திரை, அதனருகில் படக்கருவி. அது தோற்றதற்கு விலையைவிடப் படக்கருவியே பெரிய காரணம் எனலாம். தாம் படம்பிடிக்கப்படுகிறோமா என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரியவில்லை. சியாட்டில் நகர மதுவிடுதி ஒன்று அதற்குத் தடையே விதித்தது. 2015 சனவரியில் பொதுவிற்பனை நின்றது. 2017-இல் வந்த தொழிற்கூடப் பதிப்பு 2023 வரை விற்பனையில் இருந்தது.

2023-இல் வெளிவந்த ரே-பான் மெட்டா கண்ணாடியில் திரையே இல்லை. படக்கருவியும் ஒலிபெருக்கியும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரும் உண்டு. பதிவு நடக்கும்போது முன்பக்கத்தில் சிறு விளக்கு எரியும். எதிரில் நிற்பவருக்குக் கிடைக்கும் அறிவிப்பு அவ்வளவே. திரையுள்ள வகை 2025-இல் 799 டாலருக்கு வந்தது. படக்கருவியை நீக்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். பார்வையற்றோருக்கு அச்சிட்ட பக்கத்தையும் பெயர்ப்பலகையையும் வாசித்துச் சொல்ல உதவுவது அதே படக்கருவிதான்.