கார் ஏசி: கேஸ் நிரப்புதலும் கசிவுச் சோதனையும்

கார் ஏசியில் மீந்திருக்கும் குளிர்பதன வாயுவை வெளியே எடுத்து, கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, காற்றையும் ஈரத்தையும் நீக்கிய பிறகு, கார் நிறுவனம் குறித்துள்ள எடைக்குப் புதிதாக நிரப்பும் பணி இது. ஒர்க்‌ஷாப்புகளில் ‘கேஸ் ஏத்துறது’ என்பார்கள். வேலையில் பாதி கசிவைத் தேடுவதுதான். அவசரத்தில் பெரும்பாலும் விட்டுப்போவதும் அந்தப் பாதியே.

ஏசி ஒரு மூடிய சுற்று. கம்ப்ரசர் அழுத்திச் சூடேற்றும் வாயு, கிரில்லுக்குப் பின்னாலுள்ள கண்டன்சரில் வெப்பத்தை இழந்து திரவமாகிறது. டிரையரில் ஈரம் உறிஞ்சப்பட்டு, எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டியதும் அழுத்தம் சரிந்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் மறுபடி ஆவியாகிறது. அப்போதுதான் காருக்குள் இருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. பெட்ரோல் போல எரிந்து தீரும் பொருள் இதில் ஏதுமில்லை. ஆகவே வருஷா வருஷம் கேஸ் போட வேண்டும் என்ற பேச்சுக்கு அடிப்படை கிடையாது. ரப்பர் குழாய்கள் வழியே மிகச் சிறிதளவு வெளியேறுவது இயல்பு. அது குளிர்ச்சியில் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். போன கோடையில் நிரப்பியது இந்தக் கோடைக்குள் தீர்ந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

கசியும் இடங்கள் ஓரளவு தெரிந்தவையே: கல் தெறித்து அடிபடும் கண்டன்சர், கம்ப்ரசரின் தண்டு சீல், குழாய் இணைப்புகளின் ஓ-ரிங், கேஸ் ஏற்றும் வாயிலின் சிறு வால்வு. ஏசியை மாதக்கணக்கில் போடாமல் விட்டால் சீல் எண்ணெய்ப் பசையின்றி உலர்ந்துவிடும். வாயுவோடு கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தே சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய் படிந்து அதன்மேல் புழுதி கறுப்பாக ஒட்டியிருக்கும். அனுபவமுள்ள மெக்கானிக் கருவியை எடுக்கும் முன் டார்ச் அடித்துத் தேடுவது இந்தக் கறையைத்தான். கண்ணுக்குத் தெரியாதபோது புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைச் செலுத்திச் சில நாள் ஓட்டிப் பார்ப்பார்கள். மின்னணு மோப்பக் கருவியும் உண்டு. வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் இணைப்பின் அடிப்பக்கமாகக் கருவியை மெல்ல நகர்த்த வேண்டும். கூலிங் காயில் கண்ணில் படாத இடத்தில் இருப்பதால், தண்ணீர் சொட்டும் குழாயருகே மோப்பம் பிடிப்பதுண்டு. அங்கே கசிவு உறுதியானால், பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். செலவில் பெரும்பங்கு கூலிக்கே போகும்.

உலர்ந்த நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, சோப்பு நுரை பூசிப் பார்ப்பது நம்பகமான முறை. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை இதற்குப் பயன்படுத்துவது தவறு. அந்தக் காற்றில் ஈரம் இருக்கும். பம்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி ‘வேக்கம்’ (வெற்றிடம்) போட்டுவிட்டு கேஜ் முள் அசையவில்லை என்பதை மட்டும் வைத்துக் கசிவில்லை என்று சொல்லவும் முடியாது. வெற்றிடத்தில் வெளிக்காற்று உள்நோக்கித் தரும் அழுத்தம் அதிகபட்சம் சுமார் 15 பிஎஸ்ஐ. ஏசி ஓடும்போதோ உயர் அழுத்தப் பக்கம் 200 பிஎஸ்ஐயைத் தாண்டும்.

வேக்கத்தின் முதன்மைப் பயன் ஈரத்தைப் போக்குவது. 29 அங்குலப் பாதரச வெற்றிடத்தில் தண்ணீர் சுமார் 25 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். உள்ளே தங்கும் ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாக உறைந்து வழியை அடைக்கும்; எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பம்பை ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துவது ஒப்புக்குச் செய்யும் வேலை.

நிரப்ப வேண்டிய அளவு பானெட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள சீட்டில் கிராமில் இருக்கும்; சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் அரைக் கிலோவை ஒட்டியது. சிலிண்டரைத் தராசில் வைத்து அந்த எடைக்கு நிரப்புவதே சரி. கேஜைப் பார்த்தும் குழாயின் குளிர்ச்சியைத் தொட்டுப் பார்த்தும் நிரப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. எஞ்சின் நின்றிருக்கையில் கேஜ் அளவைச் சொல்லாது. உள்ளே திரவம் சிறிதேனும் இருக்கும்வரை, குளிர்பதன வாயுவான ஆர்-134ஏ 30 டிகிரி செல்சியஸில் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும், 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும். கூடுதலாக ஏற்றினாலும் குளிர்ச்சி குறையும், கம்ப்ரசருக்கும் பாரம். ஏசி ஓடும்போது கேஜின் உயர் அழுத்தப் பக்கச் சிவப்புக் குழாயின் திருகைத் திறந்தால் உயர் அழுத்தம் சிலிண்டருக்குள் பாய்ந்து அது வெடிக்கக்கூடும். அப்போது குறை அழுத்த நீலப் பக்கம் வழியாகவே ஏற்ற வேண்டும். டப்பாக்களில் வரும் கசிவடைப்பு ரசாயனமோ வாயுவை எடுக்கும் இயந்திரத்தையே அடைத்துவிடும்.

பழைய கார்களில் இருந்த ஆர்-12, ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து விலக்கப்பட்டது. 1990களில் அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். அதனால் மீந்த வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் இயந்திரத்தில் உறிஞ்சிச் சேமிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதிய கார்களுக்கு ஆர்-134ஏ அனுமதி இல்லை. அங்கே பரவியுள்ள ஆர்-1234ஒய்எஃப் லேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதால் தனி இயந்திரம் தேவை. ஆர்-134ஏ போன்ற வாயுக்களைக் குறைக்கும் 2016 கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது.

மின்சாரக் கார்களில் எண்ணெயும் மாறுகிறது. உயர் மின்னழுத்தக் கம்ப்ரசருக்கு மின்காப்புத் தன்மையுள்ள பிஓஇ வகை எண்ணெய்தான் பொதுவாக வேண்டும். பெட்ரோல் காருக்கான பிஏஜி எண்ணெய் கேஸ் ஏற்றும் கருவியின் குழாயில் ஒட்டியிருந்து சிறிது கலந்தாலும் மின்கசிவு ஏற்பட்டு, வண்டியின் பாதுகாப்பு அமைப்பு மின்சாரத்தைத் துண்டித்துவிடக்கூடும்.