ஆங்கிலத்துக்கு எஸ்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை நான் எழுதியது 1967 டிசம்பரில். சோதினை மறுமொழி அப்போது பள்ளிக்கூடத்துக்குத்தான் வரும். அதிபரின் அறைக்கு வெளியே வரிசையில் நின்று, சுட்டெண்ணைச் சொல்லி, எழுத்துகளைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நாலு டி, மூன்று சீ, ஒரு எஸ். அந்த எஸ் ஆங்கிலத்துக்கு. ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாகப் பார்த்தார். டீக்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"இந்த எஸ் எத்தினை மார்க்ஸ்?" என்றார்.

"தெரியாது ஐயா" என்றேன். நான் மறைக்கிறேன் என்று நினைத்தார். மறைக்கவில்லை. முப்பத்தைந்தா, நாற்பத்தொன்பதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எழுத்தில் பெறுபேறு கொடுப்பதன் குணமே இதுதான். பழைய முறையில் 75ம் அதற்கு மேலும் டி, அதாவது அதிவிசேட சித்தி. 50 முதல் 74 வரை சீ, திறமைச் சித்தி. 35 முதல் 49 வரை எஸ், சாதாரண சித்தி. அதற்குக் கீழே எஃப். ஒரு புள்ளியால் டி தவறி 74 எடுத்த பிள்ளைக்கும், தட்டுத்தடுமாறி 50 எடுத்த பிள்ளைக்கும் ஒரே சீ. ஆனால் 49க்கும் 50க்கும் நடுவில் பெரிய மதில். இருபத்துநாலு புள்ளி வித்தியாசத்தை மறைக்கிற எழுத்து, ஒரு புள்ளி வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டும்.

இந்தப் பரீட்சையின் பெயரை நாங்கள் இங்கிலாந்திலிருந்து எடுத்தோம். எங்களுக்கு மூத்தவர்கள் எஸ்.எஸ்.சி. எழுதியவர்கள். அவர்களுக்கும் மூத்தவர்கள் லண்டன் மற்றிக்குலேசனும் கேம்பிரிட்ஜ் சீனியரும் எழுதியவர்கள். 1950களில் க.பொ.த. வந்தது. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் 1951இல் சாதாரண தரம் தொடங்கியபோது அதிகாரபூர்வமாக சித்தி என்ற ஒன்றுதான் இருந்தது. ஏ முதல் ஈ வரையான எழுத்துகள் அங்கே சாதாரண தரத்துக்குப் பொதுவாக வந்தது 1975இல். அதாவது எங்கள் வீட்டுத் திண்ணையில் டீயும் சீயும் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் அவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

அவர்களுடைய உயர்தரத்துக்கு 1963இல் எழுத்துகள் வந்தபோது அதற்கு வேறு கணக்கு வைத்தார்கள். எழுதியவர்களில் மேலே உள்ள 10 வீதத்துக்கு ஏ, அடுத்த 15 வீதத்துக்கு பீ, அதற்கடுத்த 10 வீதத்துக்கு சீ என்று பங்கு பிரித்தார்கள். அந்த முறையில் உன் எழுத்தைத் தீர்மானிப்பது உன் புள்ளி மட்டுமல்ல, பக்கத்து வாங்கில் இருந்து எழுதியவனுந்தான். எங்களுடையது புள்ளிக்குக் கோடு கீறுகிற முறை. 75 எடுத்தால் டி. எத்தனை பேர் எடுத்தாலும் டி. இதுதான் நியாயம் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். வினாத்தாள் கடினமாக வந்த வருடத்துப் பிள்ளைகளைக் கேட்டால் வேறுவிதமாகச் சொல்வார்கள்.

நடுவில் 1975இல் என்.சி.ஜி.ஈ. என்று ஒன்று வந்து சாதாரண தரத்தைத் தள்ளிவிட்டு இருந்தது. 1977 ஆட்சி மாற்றத்துக்குப் பின் அது போய்ப் பழையது திரும்பியது. அந்த இடைக்காலத்தில் எழுதியவர்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, இது எதற்குச் சமம் என்று விளக்கியே களைத்துப்போனார்கள்.

உயர்தரத்தில் எழுத்து இன்னொரு விதமாக ஏமாற்றும். எழுத்து சொல்வது சித்தியை மட்டும். பல்கலைக்கழகக் கதவைத் திறப்பது பின்னால் இருக்கும் புள்ளி. அப்போது நாலு பாடம், மொத்தம் 400. 1971 அனுமதிக்கு மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைத்தார்கள். பேராதனைப் பொறியியலுக்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 227 போதும். தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும். மருத்துவத்துக்கு 229ம் 250ம். இரண்டு மொழியிலும் ஏ என்றால் ஏதான், பீ என்றால் பீதான். அத்தாட்சிப் பத்திரத்தைப் பார்த்து ஒருவரும் வித்தியாசம் காணமுடியாது. பிறகு மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அதன் விளைவுகளை என் வயதுக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2001க்குப் பிறகு இசட் புள்ளி. பாடத்தின் சராசரியிலிருந்து நீ எவ்வளவு தூரம் மேலே, அல்லது கீழே நிற்கிறாய் என்று பார்க்கிற கணக்கு அது. இப்போது மூன்று ஏ எடுத்த பிள்ளையும் இசட் புள்ளி தெரியும் வரைக்கும் நித்திரை கொள்வதில்லை.

சாதாரண தரத்தில் நிலைமை வேறு. அங்கே எழுத்தேதான் கதவு. உயர்தரம் படிக்கப் பொதுவான விதி, ஆறு பாடங்களில் சித்தி, அதில் மூன்று திறமைச் சித்தி, தாய்மொழியும் கணிதமும் கட்டாயம் சித்தி. பத்திரிகையில் படம் வருவது எட்டு டிக்கு. இப்போது ஒன்பது ஏக்கு. ஆனால் கணித வாத்தியாராக இருந்தவனுக்குத் தெரியும், ஊரின் பாதித் தலைவிதி 34க்கும் 35க்கும் நடுவில் கிடக்கிறது என்று. என்னிடம் படித்த ஒருவன் மற்றப் பாடமெல்லாம் சித்தி, கணிதத்துக்கு மட்டும் இரண்டு தரம் எஃப். மூன்றாம் தரம் எழுதினான். மறுமொழி வந்த அன்று அவனுடைய தாய் ஒரு இதரைக் குலையுடன் படலையில் நின்றார். "சேர், எஸ் எடுத்திட்டான்" என்றார். எட்டு டி எடுத்த வீட்டில்கூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. எஸ் என்பது கடைசி எழுத்து என்று இளைய ஆசிரியர்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வரும்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டி போய் ஏ வந்தது. 65 முதல் 74 வரைக்கு பீ என்று புதிதாக ஓர் எழுத்துக் கிடைத்தது. அது நல்ல வேலை. பழைய சீயின் நெரிசலை அது குறைத்தது. எஃப் போய் டபிள்யூ ஆனது. தோல்வி என்று சொல்லாமல் பலவீனம் என்று சொல்கிறார்களாம். 34 எடுத்தவனுக்கு இதில் என்ன ஆறுதல் என்று எனக்கு விளங்கவில்லை.

விடைத்தாள் திருத்தவும் பல வருடங்கள் போயிருக்கிறேன். விடுமுறையில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் நிலையம் அமைப்பார்கள். முதலில் பிரதம பரீட்சகருடன் இருந்து புள்ளித்திட்டத்தைக் கதைத்து முடிப்போம். எந்தப் படிக்கு எத்தனை புள்ளி, விடை பிழைத்தாலும் வழி சரியென்றால் எவ்வளவு என்று எல்லாவற்றையும் தீர்த்த பிறகுதான் சிவப்புப் பேனை திறக்கும். தாளில் பெயர் இராது, சுட்டெண் மட்டுந்தான். நாங்கள் போடுவது புள்ளி. எழுத்து எங்களுக்குத் தெரியாது. இரண்டு வினாத்தாளின் புள்ளிகளும் சேர்ந்த பிறகு அது வேறெங்கோ விழும்.

ஒரு வருடம், நான் திருத்தி முடித்து மொத்தமும் போட்ட ஒரு தாளை, கூட்டிப் பார்ப்பவர் திருப்பிக் கொண்டுவந்தார். கடைசி மட்டையின் உட்பக்கத்தில் ஒரு வினா முழுதாகச் செய்யப்பட்டிருந்தது. நான் பார்க்கவேயில்லை. ஒட்டிக்கொண்டிருந்த தாளைப் பிரிக்காமல் புரட்டிவிட்டேன். 10 புள்ளி வினா; பிள்ளை 8 புள்ளிக்குச் செய்திருந்தது. என் மொத்தம் 27. வெட்டி, 35 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கட்டை எடுத்தார்.

அன்றைக்கு மிச்சம் இருந்த தாள்களை ஒவ்வொரு பக்கமாக விரலால் நீவிப் பார்த்தேன். முந்தின நாள் திருத்திய கட்டுகளைத் திரும்பக் கேட்டேன். அவை ஏற்கெனவே முத்திரை வைத்து உள்ளே போய்விட்டன என்றார்கள்.