அறிவிப்பாளர் இல்லாத பாடல்கள்

ஹதீஸ் கலையைத் தமிழில் கற்பிப்போர் நாள்தோறும் புழங்கும் சொல் ஒன்று உண்டு. அறிவிப்பாளர் என்பதே அது. நபிமொழியை யார் கேட்டார், யாருக்குச் சொன்னார், அவரிடமிருந்து யார் பெற்றார் என்று தொடர்ந்து வரும் பெயர்க் கோவையை 'அறிவிப்பாளர் வரிசை' என்கிறோம். அரபியில் அது ஸனது. வானொலி நிலையத்தில் அமர்ந்து பாடலுக்கு முன்னும் பின்னும் பேசுகிறவருக்கும் தமிழர்கள் இதே பெயரைத்தான் சூட்டியுள்ளனர். இரு பொருளும் ஒரே சொல்லில் குடியிருப்பதை, முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு பழைய தகரப் பெட்டி ஒன்றிலிருந்து கிடைத்த கேசட்தான் என்னை எண்ண வைத்தது.

அதன் மேல் என் சிறு வயதுக் கையெழுத்தில் 'இஸ்லாமியப் பாடல்கள் - 2' என்று மட்டும் எழுதியிருந்தது. ஊர், நாள், பெயர் ஒன்றும் இல்லை.

கடல் கடந்து வந்த குரல்

திருவண்ணாமலையில் தேர் வீதிக்கு அருகில் எங்கள் வீடு. முன்னறையில் மர்பி வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. சென்னை வானொலி 1938இலும் திருச்சி வானொலி 1939இலும் தொடங்கப்பட்டவை. எனினும் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் முள்ளைக் கொழும்புக்குத் திருப்புவதே தமிழ்நாட்டு வழக்கமாயிருந்தது.

இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1952இல் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் இசைச் சுவையைக் கெடுக்கும் என்று கருதி அகில இந்திய வானொலியில் அவற்றை வெகுவாகக் குறைத்தார். அந்த வெற்றிடத்தை இலங்கை நிரப்பியது. 1957இல் விவித பாரதி தோன்றிய பிறகும், பழகிய காதுகள் கொழும்பை விடவில்லை. 1967இல் அந்நிலையம் கூட்டுத்தாபனமாக மாறியது. ஆனால் எங்கள் ஊரார் நாவில் அது கடைசிவரை 'சிலோன் ரேடியோ'தான்.

மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் பெயர்கள் எங்கள் வீடுகளில் உறவினர் பெயர்களைப் போல் வழங்கின. திரைப்பாடல்களைப் போலவே, ரமளானிலும் மீலாது மாதத்திலும் அங்கிருந்து வந்த இஸ்லாமியப் பாடல்களுக்காக முஸ்லிம் இல்லங்கள் காத்திருந்தன. பொழுது சாய்ந்தபின் ஒலி தெளிவாகும். பகலில் மத்திய அலையை விழுங்கிவிடும் வான்மண்டல அடுக்கு, கதிரவன் மறைந்ததும் கலைந்துவிடுகிறது. அலை மேலே சென்று எதிரொளித்துத் தொலைவில் இறங்குகிறது. இது நான் பிற்காலத்தில் படித்தது. அன்று, இரவானால் கொழும்பு நம் தெருவுக்கு வந்துவிடும் என்று மட்டுமே அறிந்திருந்தோம்.

ஒரு முழம் நாடா

1983இல் என் சின்னத்தா சவூதியிலிருந்து வந்தபோது ஒரு டேப் ரெக்கார்டரைக் கொண்டு வந்தார். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய சிறு கேசட், அந்தக் கால அளவில்தான் நம் நடுத்தரக் குடும்பங்களை எட்டியது. ரெக்கார்டிங் கடையில் பட்டியல் கொடுத்து விருப்பப் பாடல்களைப் பதிந்து வாங்கலாம்; அதற்குக் காசு வேண்டும். எங்களிடம் இருந்தவை ஒரு கேசட்டும் பொறுமையும்தான்.

வானொலிக்கு எதிரே ஒரு முக்காலி, அதன்மேல் கருவி. ஒலி, காற்றின் வழியாகத்தான் ஒலிவாங்கிக்குள் செல்ல வேண்டும். ஆகவே வீடு முழுதும் அசைவற்றிருக்க வேண்டும். அம்மா பாத்திரத்தை வைக்கமாட்டார்; அத்தா இருமலை அடக்கிக்கொள்வார். அக்காள் வாயில் விரல் வைத்துக் காவல் நிற்பார். இரு பொத்தான்களையும் ஒருசேர அழுத்தும் பொறுப்பு என்னுடையது.

அதில் எனக்கொரு பெருமை இருந்தது. அறிவிப்பாளர் பேசி முடித்து, இசை எழும் அந்தக் கணத்தில் அழுத்துவேன். பாடல் ஓய்ந்து அவர் வாய் திறப்பதற்குள் நிறுத்திவிடுவேன். நாடா வீணாகக் கூடாதல்லவா!

எவ்வளவு நாடாவை மிச்சப்படுத்தினேன் என்று அண்மையில் கணக்கிட்டுப் பார்த்தேன். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். அறுபது நிமிடக் கேசட்டில் ஏறத்தாழ 171 மீட்டர் ஓடி முடியும். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களைச் சொல்ல அறிவிப்பாளருக்குப் பத்து நொடி போதும். பத்து நொடிக்கு 47.6 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒரு முழம். எங்கள் ஊரில் கோபுர வாசலில் பூ விற்கும் பெண்கள் மல்லிகைச் சரத்தை அளக்கும் அதே முழம். ஒரு முழம் நாடாவை மிச்சம் பிடிக்க ஒரு கவிஞரின் பெயரை நான் வெட்டி எறிந்திருக்கிறேன்.

கேசட் அளித்த சாட்சியம்

அந்தப் பழைய கேசட்டில் ஒன்பது பாடல்கள் உள்ளன. ஆறு, இசைமுரசு நாகூர் ஹனீபா அவர்களுடையவை. அக்குரலுக்கு அறிமுகம் வேண்டியதில்லை. இரண்டை ஊர்ப் பெரியவர்கள் அடையாளம் காட்டினர். ஒன்றே ஒன்று எஞ்சி நிற்கிறது. மென்மையான ஆண் குரல். அண்ணலாரின் பிறப்பைப் பாடும் பாடல். பாடியவரும் தெரியவில்லை, இயற்றியவரும் தெரியவில்லை.

பதிந்த காலத்தையாவது அறிய முடியுமா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பாடலின் நடுவே எங்கிருந்தோ நாதசுரமும் தவிலும் ஒலிக்கின்றன. அது கொழும்பில் எழுந்த ஒலியன்று. எங்கள் தெருவில் எழுந்தது. தீபத் திருவிழாவின் பத்து நாள்களிலும் இரவில் சுவாமி ஊர்வலம் தேர் வீதிகளைச் சுற்றி வரும். பாடல் முடிந்ததும், பொத்தான் விழுவதற்கு முன், அறிவிப்பாளரின் குரல் 'மீலாது' என்று தொடங்கி அறுந்து போகிறது. அப்படியானால் ரபீஉல் அவ்வல் மாதமும் கார்த்திகைத் திருவிழாவும் ஒன்றாய் வந்த ஆண்டாக இருத்தல் வேண்டும். அக்காலத்தில் அவ்வாறு வந்தவை 1984, 1985 ஆகிய ஈராண்டுகளே.

ஊர்வல இசை கேட்டதும் ஒரு பெண் குரல் மெல்ல 'உஷ்' என்கிறது. அது என் அக்காளின் குரல். அவர் 1985 ஏப்ரலில் மணமாகி வேலூர் சென்றுவிட்டார். எனவே பதிவு 1984 நவம்பர் இறுதிக்கும் டிசம்பர் முதல் வாரத்துக்கும் இடைப்பட்டது. வேண்டாம் என்று தடுக்க முயன்ற ஓசைகள்தாம் இன்று சாட்சியம் அளிக்கின்றன. வேண்டிய பெயரோ, 'மீலாது' என்ற சொல்லுக்குப் பின்னால் வெட்டுண்டு கிடக்கிறது.

பெயரைக் காத்த மரபுகள்

நம் முன்னோர் இதில் எத்துணை விழிப்பாயிருந்தனர்! இமாம் முஸ்லிம் (ரஹ்) ஹிஜ்ரி 261இல், அதாவது 875இல், மறைந்தவர். தம் ஹதீஸ் தொகுப்பின் முன்னுரையிலேயே ஸனதின் இன்றியமையாமையைப் பற்றிய முன்னோர் கருத்துகளைத் திரட்டி வைத்துள்ளார். தொடக்கத்தில் எவரும் பெயர் கேட்டதில்லை, குழப்பம் தலைதூக்கிய பின்பே கேட்கலாயினர் என்னும் இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களின் செய்தியும் அங்கே உள்ளது. எங்கள் நிலையும் அதுவே. 1984இல் அப்பாடகரை எல்லோரும் அறிந்திருந்தனர். ஆதலால் எழுதி வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

அறிவிப்பாளர் இல்லாத காலத்துக் கவிஞர்கள் தம் பெயரைப் பாட்டுக்குள்ளேயே கட்டி வைத்தனர். குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களில் 'குணங்குடி' முத்திரை இருக்கிறது. உருதுக் கஸல் கவிஞர் இறுதி ஈரடியில் தம் புனைபெயரை இழைத்துவிடுவார். இசைத்தட்டு வந்தபோது இந்தக் காவல் தளர்ந்தது. 1949இல் வெளிவந்த 'மஹல்' என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடலுக்கு, இசைத்தட்டில் கதைப் பாத்திரமாகிய காமினியின் பெயரே பாடகியாகப் பொறிக்கப்பட்டது. உண்மையில் பாடியவர் யார் என்று நேயர்கள் வானொலியைத் துளைத்தெடுத்த பின்புதான் லதா மங்கேஷ்கர் என்னும் பெயர் வெளிப்பட்டது. கேட்டவர்கள் இருந்ததால் பெயர் பிழைத்தது.

வீட்டில் வானொலியைப் பதிவதை வீண் விளையாட்டென்று எண்ணிவிடவும் கூடாது. 1934 மே 31 அன்று எகிப்திய வானொலி தொடங்கியபோது முதற்கண் குர்ஆன் ஓதியவர் காரி முஹம்மது ரிஃப்அத் (ரஹ்). அவர் 1950இல் மறைந்தார். இன்று உலகம் கேட்கும் அவரது ஓதலில் பெரும்பகுதி, ஸகரிய்யா மஹ்ரான் பாஷா, முஹம்மது கமீஸ் என்ற இரு நேயர்கள் வானொலியிலிருந்து தம் இல்லங்களில் பதிந்து வைத்த தட்டுகளால் எஞ்சியதே. அவர்களும் எங்களைப் போன்ற நேயர்களே. ஆனால் யாருடைய ஓதல் என்பதை உலகறியக் காத்தார்கள்.

எங்கள் ஊரிலும் ஒரு பாடம் உண்டு. திருவண்ணாமலையோடு இணைத்துப் போற்றப்படும் அருணகிரிநாதர் பதினாறாயிரம் திருப்புகழ்ப் பாக்கள் பாடினார் என்பது வழக்கு. கிடைப்பவை ஏறத்தாழ 1,300. அவையும் வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை என்பார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்திராவிட்டால் கிடைத்திரா. தேடுவோர் இல்லாத இலக்கியம் எதுவாயினும் அழியும்.

நாம் செய்ய வேண்டுவது

ஹனீபா அவர்கள் 2015இல் மறைந்தார். அவர் குரல் எல்லார் கைப்பேசியிலும் ஒலிக்கிறது. ஆனால் அவருக்குப் பாடல் எழுதித் தந்த நாகூர்ப் புலவர் ஆபிதீன், நாகூர் சலீம், கிளியனூர் அப்துல் சலாம் ஆகியோரின் பெயர்களை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? அதைவிடப் பெரிய அநீதி ஒன்றும் நடக்கிறது. பழைய பாடலில் ஆண் குரல் கேட்டால் போதும், 'ஹனீபா பாடியது' என்று எழுதிப் பரப்பிவிடுகிறார்கள். எங்கள் கேசட்டின் அந்த ஒற்றைப் பாடலைக் கேட்ட இளைஞர் ஒருவரும் அப்படித்தான் எழுத முனைந்தார். நான் தடுத்துவிட்டேன். புகழ் மிக்கவருக்கு இன்னொரு பாடல் சேர்வதால் அவருக்கு ஆவது ஒன்றுமில்லை. பெயரற்றவருக்கோ இருந்த ஒன்றும் பறிபோகிறது.

அறிவிப்பாளர் இன்னாரென்று தெரியாதபோது ஹதீஸ் அறிஞர்கள் ஊகித்து ஒரு பெயரை இட்டதில்லை. 'மஜ்ஹூல்', அறியப்படாதவர், என்று எழுதினார்கள். தெரியாததைத் தெரியாதென்று எழுதுவதும் அறிவைக் காக்கும் வழியே.

நம் இல்லங்களின் பரணிலும் பெட்டியிலும் இத்தகைய கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் நாடா ஒட்டிக்கொள்கிறது, பூஞ்சணம் படர்கிறது. அவற்றை எடுத்து, வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் முன் ஒலிக்கச் செய்யுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை எழுதுங்கள். சொன்னவர் யார், எந்நாளில் சொன்னார் என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். பிறகு கணினியில் ஏற்றுங்கள்.

நானும் என் கேசட்டுக்குப் புதிய தாள் ஒட்டியிருக்கிறேன். அந்தப் பாடலுக்கு நேரே இவ்வாறு எழுதினேன்: பாடியவர் மஜ்ஹூல். இயற்றியவர் மஜ்ஹூல். இலங்கை வானொலி, மீலாது நிகழ்ச்சி, 1984. பதிந்தவர்கள் நானும் என் அக்காளும். மேலே இரண்டு வரிகளில் இடம் விட்டிருக்கிறேன். இதைப் படிக்கும் குடும்பங்களில் எவரேனும் அக்குரலை அறிந்திருந்தால், இன்ஷா அல்லாஹ், அந்த இடம் நிரம்பும்.