காரணம் கேட்கும் அதிகாரம்: சல்லிவன் சட்டம் முதல் புரூயன் தீர்ப்பு வரை

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து வெளியே எடுத்துச் செல்ல உரிமம் வழங்குவது மாநிலங்களின் பொறுப்பு. அந்த உரிமம் கேட்டு வருபவரிடம் ‘உங்களுக்கு மட்டும் தனியாக என்ன ஆபத்து?’ என்று அரசு கேட்கலாமா? கேட்கக் கூடாது என்று 2022 ஜூன் 23 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. நியூயார்க் ஸ்டேட் ரைஃபிள் அண்ட் பிஸ்டல் அசோசியேஷன் தொடுத்த வழக்கு அது. எதிர்மனுதாரரான மாநிலக் காவல்துறைத் தலைவர் கெவின் புரூயன் பெயரால் ‘புரூயன் தீர்ப்பு’ என்று அழைக்கப்படுகிறது. உரிமச் சட்டம் என்ற ஏற்பாட்டையே இத்தீர்ப்பு ஒழித்துவிட்டது என்பது பரவலான எண்ணம். நடந்தது அதுவல்ல. ‘யாருக்கு’ என்ற கேள்வியில் சட்டத்துக்கு இருந்த பிடி தளர்ந்து, ‘எந்த இடத்தில்’ என்ற கேள்வியில் இறுகியது. அந்த நகர்வுக்கான வித்து நூறாண்டுகளுக்கு முந்தைய சட்டத்திலேயே கிடந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1910 ஆகஸ்டில் நியூயார்க் நகர மேயர் வில்லியம் கேனர் சுடப்பட்டார், உயிர் பிழைத்தார். 1911 ஜனவரியில் நாவலாசிரியர் டேவிட் கிரஹாம் பிலிப்ஸ், கிராமர்சி பூங்கா அருகே பட்டப்பகலில் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். நகரம் அதிர்ந்தது. மன்ஹாட்டன் கீழ்ப்பகுதியில் செல்வாக்குப் பெற்றிருந்த மாநில செனட்டர் டிமோத்தி சல்லிவன் முன்மொழிந்த சட்டம் அதே ஆண்டில் நிறைவேறியது. மறைக்கத்தக்க சிறு துப்பாக்கியை வைத்திருக்கவே உரிமம் தேவையாயிற்று. உரிமமின்றி வெளியே எடுத்துச் செல்வது கடுங்குற்றமாயிற்று. குடியேறிகள் மீது, குறிப்பாக இத்தாலியர் மீது, அன்று நிலவிய அச்சமும் இந்தச் சட்டத்துக்கு ஆதரவு தேடித் தந்தது.

பின்னாளில் வழக்குக்குக் காரணமான சொற்கள் 1913இன் திருத்தத்தில்தான் நுழைந்தன. விண்ணப்பதாரர் நன்னடத்தை உள்ளவராக இருக்க வேண்டும். எடுத்துச் செல்வதற்குத் ‘தகுந்த காரணம்’ இருக்க வேண்டும். எது தகுந்தது என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை. அந்த வேலை அதிகாரிகளிடமும் நீதிபதிகளிடமும் விடப்பட்டது. 1980இல் கிளெனோஸ்கி வழக்கில் மாநில நீதிமன்றம் அதற்கு ஒரு வரம்பு வகுத்தது: பொதுமக்கள் எல்லோருக்கும் உள்ள தேவையிலிருந்து வேறுபட்ட, தனிப்பட்ட பாதுகாப்புத் தேவையை விண்ணப்பதாரர் நிறுவ வேண்டும். குற்றம் மலிந்த பகுதியில் குடியிருப்பது மட்டும் போதாது. குறிப்பாக அவரைக் குறிவைத்த மிரட்டலோ தாக்குதலோ இருந்ததற்குச் சான்று வேண்டும்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன என்பதைப் புரூயன் வழக்கின் மனுதாரர்களே காட்டுகிறார்கள். ஆல்பனிக்கு எதிரே, ஹட்சன் ஆற்றின் மறுகரையில் உள்ளது ரென்சலேர் கவுண்டி. அங்கே வசித்த ராபர்ட் நாஷுக்கும் பிராண்டன் கோச்சுக்கும் வேட்டைக்கும் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கும் மட்டுமான உரிமம் இருந்தது. தன் தெருப்பக்கம் அடுத்தடுத்து கொள்ளைகள் நடந்ததையும், தான் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருப்பதையும் எடுத்துக்காட்டி, கட்டுப்பாட்டை நீக்குமாறு நாஷ் கேட்டார். கிடைக்கவில்லை. கோச்சின் கோரிக்கையும் மறுக்கப்பட்டது. ஆனால் வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் எடுத்துச் செல்லலாம் என்று அவருக்குச் சலுகை கிடைத்தது. நன்னடத்தையில் இருவருக்கும் குறை சொல்லப்படவில்லை. ஒருவருக்கு வேலைக்குப் போகும் வழியில் பொருந்துகிற காரணம், கடைக்குப் போகும் வழியில் ஏன் பொருந்தாது? இதற்குச் சட்டத்தில் விடை இல்லை. விடை உரிம அதிகாரியின் மனத்தில் இருந்தது.

இந்த விருப்புரிமை அதிகாரத்தின் கேடு நியூயார்க்கோடு நின்றதல்ல. 1956 ஜனவரி 30 அன்று அலபாமா மாநிலம் மான்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. அதற்குப் பின் அவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். வீட்டு முற்றத்தில் குண்டு வெடித்த மனிதரைவிடத் தனிப்பட்ட ஆபத்து யாருக்கு இருக்க முடியும்? அளவுகோல் எவ்வளவு கறாராக இருந்தாலும், அதைக் கையில் பிடித்திருப்பவர் யார் என்பதே முடிவைத் தீர்மானித்தது. புரூயன் வழக்கிலும் இந்தக் குரல் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. பிராங்ஸ் டிஃபெண்டர்ஸ் உள்ளிட்ட, ஏழைகளுக்காக வாதாடும் வழக்கறிஞர் அமைப்புகள் மனுதாரர் பக்கம் நின்றன. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்ததாக நியூயார்க்கில் சிறைக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும்தான் என்று அவை எடுத்துரைத்தன. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்கள் இந்த வாதத்தை இன்னும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும் என்றே கருதுகிறேன்.

நாடு முழுவதும் வேறு காற்று வீசத் தொடங்கி அதற்குள் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தகுதியிருந்தால் உரிமம் தந்தே ஆக வேண்டும் என்று 1987இல் ஃபுளோரிடா சட்டம் இயற்றியது. அதன்பின் மாநிலம் மாநிலமாக அதே வழியில் சென்றன. வெர்மான்ட் என்றுமே உரிமம் கேட்டதில்லை. 2003இல் அலாஸ்காவும் 2010இல் அரிசோனாவும் உரிமத்தின் கட்டாயத்தை நீக்கின. 2022க்குள் தனிக்காரணம் கேட்கும் முறை நியூயார்க், நியூ ஜெர்சி, மேரிலாண்ட், மாசசூசெட்ஸ், கலிஃபோர்னியா, ஹவாய் ஆகிய 6 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் மட்டுமே இருந்ததாக நீதிமன்றம் கணக்கிட்டது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அமெரிக்க மக்களில் ஏறத்தாழ கால் பங்கினர் அங்கேதான் வாழ்கிறார்கள்.

நீதிமன்றத்தின் பாதை 2008இன் ஹெல்லர் தீர்ப்பில் தொடங்குகிறது. 1791இல் அரசமைப்புச் சட்டத்தில் ஏற்கப்பட்ட இரண்டாவது திருத்தம் தனிமனிதரின் ஆயுத உரிமையைக் காக்கிறது. வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்க முடியாது என்று 5-4 என்ற கணக்கில் அத்தீர்ப்பு கூறியது. 2010இன் மெக்டொனால்ட் தீர்ப்பு இதை மாநிலங்களுக்கும் விரித்தது. வாசற்படிக்கு வெளியே அந்த உரிமை வருமா என்பதில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் பிரிந்து நின்றன. எடுத்துச் செல்வதை அடியோடு தடுத்த இல்லினாய் சட்டத்தை 2012இல் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் தலைமையிலான அமர்வின் பெரும்பான்மை ரத்து செய்தது. கலிஃபோர்னியாவின் ‘நல்ல காரணம்’ விதியோ 2016இல் தப்பிப் பிழைத்தது.

புரூயன் தீர்ப்பை எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் ‘தகுந்த காரணம்’ விதியை நீக்கியதோடு நிற்கவில்லை. சட்டத்தின் பயனையும் உரிமையின் இழப்பையும் தராசில் நிறுக்கும் பழைய முறையையும் அவர் தள்ளிவைத்தார். ஒரு கட்டுப்பாடு செல்ல வேண்டுமானால், அது நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போவதை அரசு நிறுவ வேண்டும் என்றார். இந்த இடத்தில்தான் எனக்கு மிகுந்த தயக்கம். மறைத்து எடுத்துச் செல்வதைக் கென்டக்கியும் லூயிசியானாவும் 1813இலேயே தடை செய்தன. அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரம் 1881இல் ஊருக்குள் ஆயுதம் தரிக்கவே தடை விதித்திருந்தது. முதல்வகைத் தடைகளை, வெளிப்படையாக எடுத்துச் செல்ல இடம் இருந்தது என்று சொல்லி அவர் ஒதுக்கினார். மேற்குப் பிரதேசங்களின் சட்டங்கள் நாட்டு மக்களில் மிகச் சிறு பகுதியினரை மட்டுமே தொட்டவை, குறுகிய காலம் நின்றவை என்று விலக்கினார். எந்தச் சான்று மரபு, எது விதிவிலக்கு என்று முடிவு செய்வதும் ஒரு விருப்புரிமைதான். உரிம அதிகாரியிடமிருந்து பிடுங்கப்பட்ட அதிகாரத்தின் ஒரு பகுதி இவ்வாறு நீதிபதியின் மேசைக்கு வந்து சேர்ந்தது. நீதிபதி ஸ்டீபன் பிரையர் தம் மாறுபட்ட தீர்ப்பை, 2020இல் துப்பாக்கியால் இறந்த அமெரிக்கர் 45,222 பேர் என்ற கணக்கோடு தொடங்கினார். பெரும்பான்மை வகுத்த முறையில் அந்த எண்ணுக்கு இடமே இல்லை.

தீர்ப்புடன் இணைந்த தனிக்குறிப்பில் நீதிபதி பிரெட் கவனா, தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸின் ஒப்புதலோடு, ஒன்றைத் தெளிவாக்கினார்: கைரேகை, பின்னணிச் சோதனை, பயிற்சி போன்ற புறவயமான நிபந்தனைகளோடு உரிமம் வழங்குவது தொடரலாம். இந்தக் கதவு வழியாகத்தான் மாநிலங்கள் புகுந்தன. கலிஃபோர்னியாவும் நியூ ஜெர்சியும் மறுநாளே காரணம் கேட்பதை நிறுத்தச் சொல்லின. மேரிலாண்டில் ஆளுநர் லாரி ஹோகன் ஜூலை 5 அன்று அதே ஆணையைப் பிறப்பித்தார். நியூயார்க் எட்டே நாளில், ஜூலை 1 அன்று, புதுச் சட்டம் இயற்றியது. 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரச் சுடும் பயிற்சி, நன்னடத்தைக்கு 4 பேரின் பரிந்துரை, கடந்த 3 ஆண்டு சமூக ஊடகக் கணக்குகளின் பட்டியல் என்று நீண்டது விண்ணப்பம். சட்டத்தின் மையமோ இடங்களின் பட்டியல்: டைம்ஸ் சதுக்கம், பூங்காக்கள், சுரங்க ரயில், மது விற்கும் விடுதிகள், வழிபாட்டு இடங்கள். தனியார் இடமானால் உரிமையாளர் வெளிப்படையாக அனுமதித்தால் மட்டுமே துப்பாக்கியோடு நுழையலாம். 2023 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பகுதியை நிற்கவிட்டது. சமூக ஊடக விதியையும், பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கடைகளுக்கான விதியையும் தடுத்தது.

வரலாற்றுச் சோதனையில் தடுமாறிய கீழ் நீதிமன்றங்களுக்கு 2024 ஜூனில் ரஹீமி வழக்கு சற்றுத் தெளிவு தந்தது. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணைக்கு உள்ளானவரிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்கலாம் என்று 8-1 ஆகத் தீர்ப்பான அவ்வழக்கில், அச்சு அசலான பழைய சட்டம் தேவையில்லை, பழைய சட்டங்களின் அடிப்படைக் கொள்கையோடு பொருந்தினால் போதும் என்று ராபர்ட்ஸ் எழுதினார். தனித்து எதிர்த்தவர் தாமஸ்.

மிச்சமிருந்த சிக்கல் ஹவாயிலிருந்து வந்தது. தனியார் இடத்துக்கு முன் அனுமதி கேட்கும் அம்மாநிலத்தின் 2023ஆம் ஆண்டு விதியை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் வழக்கைத் தன் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அந்த விதிக்கு மரபாகக் காட்டப்பட்டவற்றில் இரண்டு முதன்மையானவை. ஒன்று, நியூ ஜெர்சி 1771இல் இயற்றிய சட்டம். பிறர் நிலத்தில் புகுந்து வேட்டையாடுவதைத் தடுக்க வந்தது. மற்றது லூயிசியானாவின் 1865ஆம் ஆண்டுச் சட்டம். விடுதலை பெற்ற கறுப்பின மக்களை அடக்கி வைக்க அம்மாநிலம் இயற்றிய கறுப்பர் சட்டங்களின் காலத்தது. முன்னாள் அடிமைகளின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறிக்க எழுந்த ஒரு சட்டத்தை, இன்றைய குடிமக்களைக் காக்கும் சட்டத்துக்கு முன்னோடியாக ஒரு மாநிலம் நீட்ட வேண்டி வந்தது. இன்று ஒரு தோட்டா என்ன செய்கிறது என்பதைப் பற்றிப் பேச அந்த வரலாற்றுச் சோதனை அம்மாநிலத்துக்கு இடம் தரவில்லை.